வீட்டுக்கு ஒரு சாணி உருண்டை

நாகலெட்சுமி: மெதுவா உடை பூமயிலு. கொழுக்கட்டைக்கா பிசையிற?

பூமயில்: இதுவரைக்கும் வெறும் வைக்கோல்தான் மதினி... ஊரே வாசல்ல நிக்கிது.

நாகலெட்சுமி: நிக்கட்டும். வீட்டுக்கு ஒரு சாணி உருண்டை. இந்த இருட்டு ரூமுக்குள்ள தனித்தனியா வந்து தொட்டியில போட்டாச்சு. களவாண்டவ மூக்குத்திய உருண்டைக்குள்ள வச்சிருப்பா. யாருன்னு நாம கேக்கப்போறதில்ல.

பூமயில்: கேக்காம, நீங்களா? ஒரு கோழிக்காக ஊரு வாயெல்லாம் மோந்து பாத்தவுக.

நாகலெட்சுமி: அந்தக் கோழி கெடச்சுச்சா இல்லையா?

பூமயில்: கொழம்பாக் கெடச்சுச்சு... மதினி, சேதுலட்சுமி அக்கா மூக்குத்தி இதுல இல்லைன்னா, நீதான் களவாணின்னு அவுக மருமக ராமலெட்சுமியத் திருவாடானை தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவாக. வண்டி பூட்டி நிக்கிது.

நாகலெட்சுமி: தெரியும்டி. உடை.

பூமயில்: ஏதோ தட்டுப்படுது... வெளக்கக் கிட்டக்கக் காட்டுங்க.

நாகலெட்சுமி: கல்லு வச்சதா?

பூமயில்: பல்லு வச்சது. செல்லச்சாமி மாமாவோட பல்செட்டு.

நாகலெட்சுமி: அத நாயில்ல கவ்விட்டுப் போச்சு? நாந்தான துப்புத் துலக்கிச் சொன்னேன்.

பூமயில்: அப்ப நாய்தான் உருண்டை புடிச்சுப் போட்டிருக்கு. இந்தா, இன்னொண்ணு... கோயில் மணியோட நாக்கு. சுதந்திரம் வந்த அன்னைக்குக் காணாமப் போனது. அத ஒரு குரங்கு தலையில போட்டீக.

நாகலெட்சுமி: குரங்கு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அடுத்தத உடை.

பூமயில்: மதினி... செவப்புக் கல்லு. மூக்குத்தி.

நாகலெட்சுமி: அப்பாடா. வண்டிய அவுக்கச் சொல்லு.

பூமயில்: இருங்க. இந்த உருண்டையிலயும் ஒண்ணு இருக்கு.

நாகலெட்சுமி: இன்னொரு பல்லா?

பூமயில்: இன்னொரு மூக்குத்தி. இதுவும் செவப்புக் கல்லு.

நாகலெட்சுமி: தொலைஞ்சது ஒண்ணுதானடி.

பூமயில்: ஒரே ஆசாரி செஞ்சது. ஊருல எல்லா மூக்குத்தியும் ஒண்ணு போலதான இருக்கும்...

நாகலெட்சுமி: நான் அதக் கேக்கல. நீ ஏன் முந்தானையால மூக்கப் பொத்தியிருக்க?

பூமயில்: நாத்தம் மதினி.

நாகலெட்சுமி: மாட்டுக்கொட்டத்துல உக்காந்து கஞ்சி குடிக்கிறவ நீ. உனக்குச் சாணி எப்பருந்து நாறுது? எடு முந்தானைய.

பூமயில்: இந்தாங்க, பாத்துக்கங்க.

நாகலெட்சுமி: மூக்கு வெறுமையாக் கெடக்கு.

பூமயில்: அந்தப் புள்ள பாவம் மதினி. வந்த நாளா மாமியாருக்கு அவள ஆகல. அதான் என்னோடத வச்சு உருட்டிட்டேன்... ஆமா, நீங்களும் பொத்திக்கிட்டுத்தான இருக்கீக?

நாகலெட்சுமி: ...எனக்கு நெசமாவே நாத்தம்.

பூமயில்: எடுங்க மதினி.

நாகலெட்சுமி: சரிடி, என்னோடதும்தான். ஆனா நான் பாவம் பாத்து வைக்கல. தொட்டியில ஒண்ணாவது கெடச்சாத்தான சேதுலட்சுமி கையில குடுத்து, ஊரு பாக்க மாட்டிக்கன்னு சொல்ல முடியும்?

பூமயில்: சொன்னா சந்தோசமா மாட்டிக்கிருவாக. தொலைச்சதுல இருந்து வெறும் மூக்கக் காட்ட வெக்கம்னு அவுகளும் பொத்திக்கிட்டுத்தான திரியிறாக.

நாகலெட்சுமி: எங்க மாட்டுவா?

பூமயில்: இதென்ன கேள்வி... மூக்குலதான்.

நாகலெட்சுமி: அவ முந்தானையப் பாத்தியா? மூக்கு படுற எடத்துல நூலு இழுத்து இழுத்துக் கெடக்கு. வெறும் மூக்கு எங்கடி சேலைய இழுக்கும்?