கார் கத்துச்சா, அத்தா?

தஞ்சாவூரில் உங்கள் மனநல மருத்துவமனை இருக்கும் தெருவில் காரை நிறுத்த நிழலே கிடைப்பதில்லை, டாக்டர் அம்மா. ஒவ்வொரு முறையும் ஆஷிகாவை வாசலில் இறக்கிவிட்டு நான் இரண்டு சுற்றுச் சுற்றி வருவேன். நான் வருவதற்குள் நீங்கள் அவளிடம் பாதி பேசி முடித்திருப்பீர்கள். போன முறை நீங்களே எழுந்து வெளியே வந்து என்னிடம் ஒரு வேலை சொன்னீர்கள்.

"உங்க பொண்ணுக்குக் கேக்கற சத்தம் எப்ப ஆரம்பிச்சது, எந்தெந்த நேரத்துல கேக்குதுன்னு தெரிஞ்சதையெல்லாம் எழுதிக் கொண்டாங்க. நான் நெனைக்கிற நோயா இருந்தா மருந்தை மாத்தணும்."

தெரிந்ததையெல்லாம் என்றீர்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் பெயர் லியாகத் அலி. ஷார்ஜாவில் இருபத்துநான்கு வருடம் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தேன். ஆஷிகா பிறந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. அவள் பள்ளியில் முதலாவதாக வந்ததும், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் சேர்ந்ததும் போனில்தான். அவள் உம்மா ரஹ்மத் பீவி நெஞ்சுவலியில் போனபோது, அடக்கம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தேன். பிறகு திரும்பிப் போகவில்லை. நன்னிலத்து வீட்டில் நானும் மகளும் மட்டும்.

அவள் அரசாங்க கால்நடை டாக்டர். விடிந்ததும் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். "அத்தா, சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு, மாத்திரை ஜன்னல்ல இருக்கு" என்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல் மரியாதையாகச் சொல்வாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பேன். நன்றாக ஓடும் மிக்சியைக் கழற்றி மறுபடி மாட்டுவேன். சாயங்காலம் அவள் வந்ததும் ஏதாவது கேட்பாளா என்று பார்ப்பேன். அவளுக்கு என்னிடம் கேட்க எதுவும் இருக்காது.

பழைய கார் ஒன்றை வாங்கினாள். பட்டன் அழுத்திப் பூட்டும் வசதி அதில் இல்லை. நானே ஒரே நாளில் சென்ட்ரல் லாக்கும் அலாரமும் பொருத்திக் கொடுத்தேன். "நல்லாருக்கு அத்தா" என்றாள். அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அந்தக் கார் தானாகக் கத்த ஆரம்பித்தது. அவள் ஏதோ ஒரு கிராமத்தில் நின்றுகொண்டு போன் செய்தாள். "அத்தா, நிறுத்தவே முடியல, ஊரே பாக்குது. கொஞ்சம் வர்றீங்களா?" அந்த வார்த்தையை அவள் வாயால் அன்றுதான் முதல்முறை கேட்டேன். பைக்கை எப்படி ஓட்டிப் போனேன் என்றே நினைவில்லை. பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பானெட் திறந்தால் அலாரத்துக்குத் தகவல் சொல்வது அதுதான். மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினேன். கூடி நின்ற ஜனங்களிடம் அவள், "எங்க அத்தா. ஷார்ஜாவுல இதான் வேலை" என்றாள். அன்றைக்கு என் பைக்குக்கு முன்னால் மெதுவாகவே ஓட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரு கடையில் டீ குடித்தோம்.

மறுநாள் புது சுவிட்ச் போட்டுவிட்டேன். அதன்பின் கார் கத்தவில்லை. ஒரு மாதம் அவள் போன் செய்யவும் இல்லை.

வேலை தெரிந்தவன் செய்யும் பிழை இது. முழுதாகச் சரிசெய்துவிட்டால் பிறகு யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த அலாரத்தோடு இரண்டு ரிமோட்தான் வரும். நான் மூன்றாவதாக ஒன்று வாங்கினேன். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி அதையும் பதிந்துகொண்டேன். முப்பது நாற்பது அடியில் நின்றால் வேலை செய்யும். அவள் போகும் இடங்களுக்குச் சற்றுப் பின்தங்கிப் போவேன். வேலையில்லாதவன் பைக்கில் சுற்றுவதை யார் கவனிக்கிறார்கள்? அவள் பூட்டிவிட்டுப் போன பிறகு திறந்து வைப்பேன். திறந்து வைத்தால் பூட்டிவிடுவேன். சில நாள் கத்தவிடுவேன். போன் வரும். போவேன். வாரத்துக்கு ஒரு தடவை, அதற்குமேல் இல்லை.

அவள் படித்த பெண். மயிலாடுதுறையில் ஜாபிர் என்று ஒரு கார் எலக்ட்ரீஷியன் இருக்கிறான், அவனிடம் கொண்டுபோகலாம் என்றாள். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். நானும் கூடவே போனேன். ஜாபிர் பேட்டரி, கதவு சுவிட்ச், பூட்டை இழுக்கும் மோட்டார், அதிர்வு சென்சார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். கெட்டிக்காரன். கடைசியில், "அக்கா, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. எதுக்கும் பதிஞ்ச ரிமோட் எல்லாத்தையும் அழிச்சிட்டு, உங்க ரெண்டை மட்டும் புதுசா பதிஞ்சு தர்றேன்" என்றான். அப்படியே செய்தான்.

வீட்டுக்கு வந்து அவள் தொழுகைக்கு நின்ற நேரத்தில் என்னுடையதை மறுபடி பதிந்தேன். ஒரு நிமிட வேலை.

அடுத்த வாரம் கதவு தானாகப் பூட்டிக்கொண்டபோது அவள் காரைக் குறை சொல்லவில்லை. "நான்தான் எதையோ மாத்தி அமுத்திருப்பேன் போல" என்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

மாட்டு விஷயத்தை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். மாசி மாதம், நல்ல வெயில் நேரம். அமிர்தம் என்ற அம்மாவின் மாடு தலையீத்துக்கு நின்றது. கன்றின் கால் மடங்கி வெளியே வர முடியவில்லை. ஆஷிகா அவசரமாகக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். பார்த்துவிட்டு, கன்றை இழுக்கும் கயிற்றையும் மருந்துப் பெட்டியையும் எடுக்கத் திரும்பினாள். அதற்குள் நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பூட்டிவிட்டேன். வழக்கம்போலத்தான் அழுத்தினேன். மாட்டின் நிலைமை எனக்கு என்ன தெரியும்?

போன் வந்தது. "அத்தா, எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. அந்த அம்மாவோட மகன் கல்லை எடுத்துட்டு நிக்கிறாரு. கண்ணாடிய உடைச்சிரட்டுமா?"

"உடைக்காதம்மா. வீட்டுல இருக்கற ரிமோட்ட எடுத்துக்கிட்டு இதோ வந்துடறேன்" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இருபத்தைந்து நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் போய் நின்றால் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பாளே. பைக்கைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் மதகுக்குப் போய் உட்கார்ந்தேன். அறுவடை முடிந்த வயலில் வாத்துக்கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடக்கவும் பயமாக இருந்தது. ரிமோட் கையில்தான் இருந்தது. மதகிலிருந்து எட்டாது. திரும்ப வைக்கோல் போர் வரை நடந்தால் எட்டும். அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். "பாதி வழி வந்துட்டேன்மா" என்றேன்.

நான் போனபோது கன்று செத்துப் பிறந்திருந்தது. வெறுங்கையால் இழுத்திருக்கிறாள். மாட்டுக்கு ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அதுவும் போய்விட்டது. அமிர்தம் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆஷிகா முழங்கை வரை ரத்தத்தோடு காருக்குப் பக்கத்தில் நின்றாள். "சாவி உள்ள இருந்துச்சு அத்தா. நான் எப்படிப் பூட்டியிருப்பேன்?"

"மறந்திருப்பம்மா" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? அன்று முதல் கார் ஓட்டுவதை விட்டுவிட்டாள். நான்தான் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவருகிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன விஷயமெல்லாம் பேசுவாள். அந்த இரண்டு மாதம் நாங்கள் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை.

பிறகு சென்னையிலிருந்து கடிதம் வந்தது. மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, இரண்டு வருடம். "போறேன் அத்தா. இங்க இருந்தா அந்த மாடே கண்ணுக்குள்ள நிக்குது. கார் இங்கயே இருக்கட்டும், நீங்க வச்சுக்குங்க" என்றாள். ஷார்ஜாவில் எத்தனையோ வருடம் தனியாகப் படுத்து எழுந்தவன் நான். ஆனாலும் அன்று வீட்டுக்குள் நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது.

நீங்கள் கேட்ட சத்தம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரிமோட்டை ஒருமுறை அழுத்தினால் கார் 'கீச்' என்று ஒரே ஒரு சத்தம் போடும். பூட்டிவிட்டேன் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கு எங்கிருந்தாலும் கேட்கும். மறுநாள் காலை அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது, நான் கூடத்தில் சட்டைப்பைக்குள் கையை வைத்து அழுத்தினேன்.

அவள் சீப்போடு வெளியே வந்தாள். "கார் கத்துச்சா, அத்தா?"

"இல்லையேம்மா" என்றேன்.

வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது மறுபடி அழுத்தினேன். அவள் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தடவை அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு மட்டும்தான் கேக்குதா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். சிறு பிள்ளையாக அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. சென்னைக்குப் போகவில்லை என்று அவளே எழுதிப் போட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களிடம் கூட்டிவந்ததுகூட நான்தான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆக, நீங்கள் நினைக்கும் நோய் அவளுக்கு இல்லை. சத்தம் நிஜம். போன மாதம் நீங்கள் கொடுத்த மாத்திரையால் அவள் விரல்கள் நடுங்குகின்றன, ஊசியில் மருந்து ஏற்ற முடியவில்லை. தவறான மருந்து இன்னும் அதிகமாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பெற்றவன் வேறெப்படி இருக்க முடியும்?

உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். இந்த உலகத்தில் அவள் நம்புவது என்னை மட்டும்தான், அதுவும் போய்விட்டால் தாங்க மாட்டாள். மாத்திரையைப் பாதியாகக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். ரிமோட்டை நான் தூக்கிப் போட்டுவிடுவேன், அவள் முழுதாகத் தேறியதும்.

இப்போது உள்ளறையிலிருந்து கூப்பிடுகிறாள். எழுந்து போக வேண்டும். என் மகள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்த நாள் இதுவரை ஒன்றுகூட இல்லை.