தண்ணீர் தெளித்து விட்ட கதை

தலைமை தாங்கும் பேராசிரியர் அவர்களே, தலைமையின் எடையைத் தாங்கும் நாற்காலியே, முன்வரிசைப் பெரியோர்களே, "எப்போ முடிப்பான்?" என்று கண்ணாலேயே கேட்கும் தாய்மார்களே, வணக்கம்!

எங்கள் ஆய்வகத்து அக்காவின் ஆய்வு தொடருமா, மூடப்படுமா? இன்று இம்மேடையில் தலைவர் சொல்ல வேண்டும். அதற்குள் நான் பேசிவிடுகிறேன்.

இரண்டு பொடிகள். ஒன்று யூரியா. மற்றது கோலின் குளோரைடு. தனித்தனியே வறண்ட பேர்வழிகள். கலந்து லேசாகச் சூடு காட்டினால்? உருகுகின்றன! ஆறிய பிறகும் உறைய மறுக்கின்றன! யூடெக்டிக் கரைப்பான் என்று பெயர். பின்னால் யாரோ "கல்யாணம்னு சொல்லுங்க" என்கிறார். அதுவும்தான் ஐயா.

அதில் அக்கா ஒரு சிவப்புச் சாயத்தைக் கரைக்கப் பார்த்தார். சாயம், தண்ணீரைக் கண்டாலே ஆகாத ரகம். கரைப்பானோ தேன்போல் கெட்டி. கலக்கினார், கை வலித்தது. கெஞ்சினார்; தொண்டை வலித்தது. கரைந்ததா? அக்காவின் பொறுமைதான் கரைந்தது!

அக்காவின் ஆய்வுக்கும் வழிகாட்டியான நம் தலைவர் எட்டிப் பார்த்தார். "இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறே? தண்ணி தெளிச்சு விடும்மா!"

கைகழுவு என்பது அவர் பொருள். அக்காவோ சொன்னதைச் சொன்னபடி செய்பவர். தெளித்தார்!

இளகியது, அவையோரே! துளிநீர் யூரியாவுக்கும் கோலினுக்கும் நடுவே புகுந்தது. பிடியைத் தளர்த்தியது, பிரிக்கவில்லை. சாயம் கரைந்தது. குடுவை சிவந்தது!

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "அட, இன்னும் ஊத்து!" என்றவர், தாமே குவளையைக் கவிழ்த்தார்.

யூரியாவைச் சுற்றித் தண்ணீர். கோலினைச் சுற்றித் தண்ணீர். ஒன்றன் முகம் ஒன்றுக்குத் தெரியவில்லை. சாயத்தைச் சூழ்ந்து அணைக்க யார் மிச்சம்? அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சார், என்கிட்ட இருந்த சாயமே அவ்ளோதான் சார்!" என்றார் அக்கா.

"இதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா. மூடிடலாம்."

ஊற்றியது யார்? நான் சொல்லமாட்டேன். நாற்காலி அறியும்.

நீரா குற்றவாளி? துளியாய் வந்தால் துணை! குடமாய் வந்தால் வினை! எதுவரை உறவு, எங்கே பிரிவு? அந்த எல்லையை அக்கா கண்டுபிடிக்க வேண்டாமா? பாதியில் அவரையே தண்ணீர் தெளித்து விடலாமா?

தலைவர் ஏதோ முணுமுணுக்கிறார். மைக்கில் ஐயா, மைக்கில்!

"தெளிச்சுக்கிட்டே இரும்மா. குவளையை மட்டும் என் கைக்கு எட்டாம வை."

கேட்டீர்களா! தலைவருக்கு நன்றி. தாங்கிய செவிகளுக்கு நன்றி. பேச்சிலும் ஒரு துளி கூடினால் நானும் அடியில் போய் உட்கார வேண்டியதுதான். உட்காருகிறேன். வணக்கம்!