ஒரு சாண் உயர இன்ஜின் தீப்பிடித்தது குறித்து

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்து மூன்று. பம்பு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றேன். மனைவி இறந்தபின் நான்கு வருடமாகத் தனியாக இருக்கிறேன். இந்தத் தீயில் இறந்தவர் என் தங்கையின் கணவர், தபால் நிலைய ஊழியர். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுப் பின்னறையில் ஒரு சாண் உயரப் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை நாங்கள் இருவரும் பொழுதுபோக்காகச் செய்துவந்தோம். சிலிண்டரும் பிஸ்டனும் நான் கடைந்தவை. கார்புரேட்டர் அவர் பொறுப்பு, டைமிங் என் பொறுப்பு. பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதை கேம் என்ற சிறிய சுழலும் இரும்புத் துண்டு தீர்மானிக்கிறது, அது ஒரே ஒரு திருகில் நிற்கிறது, அதற்குரிய இடத்தில் நான் கோடு கீறியிருக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை தனியாக இருந்தபோது கயிற்றை இழுத்தேன், இன்ஜின் ஓடியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி மாப்பிள்ளை எதற்கு வரப்போகிறார் என்றுதான் தோன்றியது. அதன்பின் திருகைத் தளர்த்தி, கேமைக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இறுக்கினேன்.

அதற்குப்பின் அவர் ஞாயிறுதோறும் காலையில் வருவார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார், கார்புரேட்டரின் ஊசித் திருகைத் திருப்புவார், இழுப்பார். அது இருமிவிட்டு நின்றுபோகும். "இது நம்ம மாமியார் மாதிரி மச்சான். இருமும், கேட்டா பதில் வராது" என்பார். அவர் மாமியார் என் அம்மா. ஆனாலும் நான் சிரிப்பேன். வாரத்தில் நான் சிரித்தது அந்த அறையில் மட்டும்தான்.

கடைசி ஞாயிறு இன்ஜின் நான்கு விநாடி ஓடிவிட்டது. அவர் போனபின் நான் பயந்துபோய் கேமை முன்பைவிட அதிகமாகத் தள்ளினேன். அவ்வளவு தள்ளினால் தீ கார்புரேட்டர் வழியாக வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறுக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை நான் கண் மருத்துவரிடம் போயிருந்தபோது, மாப்பிள்ளை விடுப்பு எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, இன்ஜினை இழுத்திருக்கிறார். தீ வெளியே வந்து பக்கத்திலிருந்த பெட்ரோல் கப்பில் பிடித்து, அதிலிருந்து சட்டைக்குப் பரவியிருக்கிறது. நான் வரும்போது ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி போனபின் நான் உள்ளே சென்று கேமைக் கோட்டுக்குத் திருப்பி வைத்தேன். அதன்பிறகே மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே அவர் என்னிடம், "பொறி நல்லா வருது மச்சான். டைமிங்கை மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். சரி மாப்பிள்ளை என்றேன். ஆறாம் நாள் இறந்தார்.

அதன்பின் காவல் நிலைய முற்றத்தில் மெக்கானிக் ஒருவர் என் முன்னால் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே இன்ஜின் ஓடியது. "இதுல ஒரு குறையும் இல்லை" என்றார். இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். என் தங்கையும் நம்பிவிட்டாள். "அவருக்கு எதுலயும் அவசரம். நீ என்னண்ணா பண்ணுவே, சாப்பிடு" என்று என் தட்டில் சோறு வைத்தாள். அவர் அவசரக்காரர் அல்ல. எட்டு மாதம் பொறுமையாக இழுத்தார்.

என் தங்கை இப்போது வெளியே பெஞ்சில் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்து போட வந்திருப்பதாக மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னவை, வாசிக்கக் கேட்டேன், சரியாக உள்ளன. இந்தத் தாளின் தலைப்பில் 'விபத்து' என்றிருந்த சொல் என் வேண்டுகோளின்பேரில் அடிக்கப்பட்டு, ஓரத்தில் என் கையொப்பம் இடப்பட்டுள்ளது.

(ஒப்பம்)