முப்பது வாயும் இரண்டு கையும்

என் பெயரும் விலாசமும் அடையாள அட்டையைப் பார்த்து மேல்தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது நாற்பத்து மூன்று. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். இன்று வீடியோ கேம் கண்காட்சி அரங்கில் மேசையைக் கவிழ்த்தது நான்தான். அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன் என்றேன், காவல் நிலைய அதிகாரியும் சரி என்றார்.

என் மனைவிக்கு வயது முப்பத்தெட்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறாள். பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டில் பேச்சு, சண்டை, கேலி எல்லாம் கையால்தான். ஒன்பது வயது மகளும் வாயால் பேசுவதற்கு முன் கையால் பேசியவள். மனைவி சண்டை விளையாட்டில் கெட்டிக்காரி. மற்றவர்கள் சத்தத்தை வைத்து எதிராளியின் அடியைத் தெரிந்துகொள்வார்கள், அவள் திரையில் இருக்கும் உருவத்தின் தோள்பட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். கோணல் தையலைப் பத்தடி தூரத்தில் பிடிக்கிற கண் அது. இன்றைய போட்டிக்காக அவள் எட்டு மாதம் பழகினாள். அவள் மடியில் வைத்து ஆடும் பொத்தான் பெட்டியை நான் செய்து கொடுத்தேன்.

காலை ஒன்பதரைக்கு நாங்கள் மூவரும் அரங்குக்குள் போனோம். அதன் பிறகு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தோம். அட்டையில் செய்த கவசம் போட்டிருந்த ஒருவரோடு மகள் படம் எடுத்துக்கொண்டாள், அவர் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பன் தின்றதைப் பார்த்து மூவரும் சிரித்தோம். நாங்கள் இன்று சந்தோஷமாகத்தான் போனோம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு பதினொரு மணிக்குப் போட்டி மேடைக்குப் போனபோது, அவளுடைய ஆட்டப் பெயரான மின்மினியை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டு, வரவில்லை என்று அடித்து வைத்திருந்தார்கள். அரங்கின் இரைச்சலில் அது எனக்கும் மகளுக்கும் கேட்கவில்லை. காது கேட்காது என்று விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் நான் எழுதியிருந்தேன். காது கேட்காதவளை மைக்கில் கூப்பிட்டவரின் புத்தியை நான் என்னவென்று சொல்வது? சத்தம் போட்டேன், அடித்த பெயரைத் திரும்ப எழுதினார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். மனைவி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அதன் பிறகு மூன்று ஆட்டங்களில் வரிசையாக ஜெயித்தாள்.

மூன்று மணிக்கு அரையிறுதி. எதிராளி சிவப்புத் தொப்பி போட்ட இளைஞன். மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். அவள் பார்வையில் படும்படி கயிற்றுக்கு இப்பால் நானும் மகளும் உட்கார்ந்தோம். முதல் சுற்றை அவள் ஜெயித்ததும், மகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கையால் கேட்டேன். உடனே நடுவர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “சார், கைய ஆட்டாதீங்க. வெளியில இருந்து யோசனை சொல்லக் கூடாது, அது விதி” என்றார். மகள், “அப்பா, நான் அடக்கிக்கிறேன்” என்றாள். அதன் பிறகு நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவது சுற்றில் தொப்பிக்காரனின் கூட்டாளிகள் முப்பது பேர் எனக்குப் பின்னால் நின்று, “குந்துடா! கீழ அடி! அவ இடது பக்கம் வர்றா!” என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினார்கள். கத்திய இடத்தில் அவன் குந்தினான், குந்திய இடத்தில் ஜெயித்தான். நடுவரைக் கூப்பிட்டு இது யோசனை இல்லையா என்று கேட்டேன். “அது கூட்டத்தோட உற்சாகம் சார்” என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். என் தலை கொதித்தது, இப்போது சொல்லும்போதும் கொதிக்கிறது.

அதன் பிறகு, மூன்றாவது சுற்று தொடங்குவதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை எடுத்து, ‘அவன் குதிப்பான், இறங்கும்போது அடி’ என்று சொன்னேன். விதி தெரிந்தேதான் சொன்னேன். அவன் குதித்தான், அவள் அடித்தாள், ஜெயித்தாள். மகள் நாற்காலி மேல் ஏறி நின்று குதித்தாள்.

உடனே தொப்பிக்காரன் புகார் சொன்னான். நடுவர் என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தண்ணீர் குடிக்கச் சொன்னேன் என்றேன். “அவங்களையும் கேட்டுச் சொல்லுங்க” என்றார். அங்கே கைமொழி தெரிந்த பெரியவர் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் கேட்டேன். அவள் நடுவரையே பார்த்து நிதானமாகச் சொன்னாள்: “ஆமா, சொன்னாரு. சொல்லியிருக்கக் கூடாது. அவன் குதிப்பான்னு எனக்கு முன்னாடியே தெரியும். அங்க முப்பது பேர் வாய் அசைஞ்சுதே, அது என்ன, பாட்டா? ரெண்டையும் தள்ளிட்டு, அந்தச் சுத்த மறுபடி ஆட விடுங்க. ஆடுறேன்.”

இதை நடுவரிடம் நான் இப்படிச் சொன்னேன்: “தண்ணி குடிக்கத்தான் சொன்னாருன்னு சொல்றாங்க.”

மகள் என் சட்டையைப் பிடித்து, “அம்மா அப்படிச் சொல்லல” என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் அழுதுகொண்டே, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நடுவரிடம் சொன்னாள். நடுவர் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு, “முதல்ல இதச் சொல்லியிருந்தா மறு ஆட்டம் வெச்சிருப்பேன். பொய்க்குப் பிறகு நான் எத நம்புறது?” என்று சொல்லி, ஏமாற்றியதாக எழுதி மின்மினியை நீக்கினார். பின்னால் அந்த முப்பது பேரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் மேசையைக் கவிழ்த்தேன். திரை நடுவரின் வலது காலில் விழுந்தது, கட்டைவிரல் முறிந்ததாக இங்கே வந்த பிறகு சொன்னார்கள். அதற்கு மருத்துவமனையில் போய் மன்னிப்புக் கேட்பேன். கத்தியதைச் சும்மா விட்டதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும், அந்தக் கோபத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. பொத்தான் பெட்டியும் தரையில் விழுந்து பிளந்தது. மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுவரின் காலடியில் உட்கார்ந்து அவர் ஷூவைக் கழற்றினாள். அதன் பிறகு எழுந்து என்னிடம் கேட்டாள்: “நான் சொன்னத எங்க போட்ட?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன், வாயாலும் கெட்டேன். அதற்காக அவள் ஏமாற்றுக்காரி ஆக முடியாது. அவள் பொய் சொல்லவில்லை, என்னிடம் யோசனை கேட்கவும் இல்லை. அவள் சொன்னதை மேலே அப்படியே சொல்லியிருக்கிறேன். இதன் நகலைப் போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாலை ஐந்தரைக்கு இங்கே அவளையும் விசாரிக்க வேண்டும் என்றபோது, எப்போதும் போல நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் முன்னால் கையைத் தூக்க மறுத்துவிட்டாள். பதினாறு வருடத்தில் இது முதல் தடவை. வெளியிலிருந்து கைமொழியை மொழிபெயர்க்கும் ஒரு பெண்மணியை வரவழைத்தார்கள். இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். பார்த்தால் எனக்கு எல்லாம் புரியும் என்பதால், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னேன்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில் அவராகவே ‘வாய் பேச முடியாத மனைவி’ என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அவள் பேசினாள். நான்தான் மாற்றிச் சொன்னேன். இந்தத் திருத்தத்தோடு இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னது, உண்மை.

(ஒப்பம்)