டத்துக்கின் இடது கை

யெல்னி: மாமா! கயிறு... கயிறு நழுவிடுச்சு! ஓடிப் பிடிங்க!

டத்துக்: பிடிக்கிறேன், பிடிக்கிறேன்.

யெல்னி: நடக்கிறீங்களே மாமா! ஓடுங்க!

டத்துக்: டத்துக் பட்டம் கட்டின குலத் தலைவன் ஓடக் கூடாது. மரம் ஏறக் கூடாது. தலையில சுமை வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?

யெல்னி: காளை ஆத்தைத் தாண்டிப் போனாலும் நடந்தேதான் போவீங்களா?

டத்துக்: வேகமா நடப்பேன்.

யெல்னி: பிடிச்சுட்டேன், விடுங்க. கும்பாங், நில்லுடா... நில்லு. சந்தை பூரா சிரிக்குது மாமா.

டத்துக்: உன்னைப் பார்த்துச் சிரிக்குது. என் தங்கச்சி மக, பட்டதாரி, முழங்கால் வரைக்கும் சாணி.

யெல்னி: கால்நடைப் படிப்பு படிச்சவ சாணியில நிக்காம சந்தனத்திலயா நிப்பா?

டத்துக்: இந்த வாய் உங்க அப்பா பக்கத்துலருந்து வந்தது. நம்ம வீட்டுது இல்ல.

யெல்னி: அப்பாவும் அண்ணனும் பெக்கான்பாருல கடையைப் பார்க்கப் போயிட்டாங்க. இல்லேன்னா உங்களை ஏன் கூப்பிடறேன்?

டத்துக்: சரி, இன்னொரு தடவை சொல்லு. நான் எப்படி நிக்கணும்?

யெல்னி: வியாபாரிக்கு எதிர்ல. உங்க வலது கையும் அவர் கையும் கைலித் துணிக்குள்ள, விலையை யாரும் பார்க்காம விரலாலயே பேச. உங்க இடது கை முதுகுக்குப் பின்னால, இன்னொரு துணிக்குள்ள. அங்க என் கை.

டத்துக்: அவன் எந்த விரலைப் பிடிச்சு அமுக்கறானோ...

யெல்னி: அதே விரலை அதே மாதிரி எனக்கு அமுக்குங்க. நான் அமுக்கறதை அப்படியே அவருக்கு. நடுவுல ஒண்ணும் சேர்க்காதீங்க.

டத்துக்: அப்ப நான் யாரு? தந்திக் கம்பியா?

யெல்னி: பட்டம் கட்டின கம்பி.

டத்துக்: சிரிக்காத. நானே பேசி முடிச்சுடறேனே. நாப்பது வருஷ அனுபவம். நீ பின்னால சும்மா நில்லு.

யெல்னி: இல்ல மாமா. ஸ்கூட்டரை வித்து வாங்கின கன்னு இது. ரெண்டு வருஷம் புல்லறுத்துப் போட்டிருக்கேன். அப்பா சொல்லிக் குடுத்த விரல் கணக்கு எனக்குத் தெரியும், விலையை நான்தான் பேசணும். அந்நிய ஆம்பளை கையை நான் தொடக் கூடாது, அதுக்காகத்தான் உங்க கை.

டத்துக்: ஆள் வேண்டாம், கை மட்டும் போதும்கிற.

யெல்னி: தாய்மாமன் கை. வேற எந்தக் கையையும் நான் கேக்கலையே.

டத்துக்: ம்... விலை படியலேன்னா?

யெல்னி: அம்மாகிட்ட சொன்னது சொன்னதுதான். நான் நினைச்ச விலைக்குப் போகலேன்னா தொழுவத்தைப் பிரிச்சுட்டு, திங்கக்கிழமை பாடாங் போய் அந்த ஆபீஸ் வேலையில சேந்துடணும்.

டத்துக்: அதுவும் ஒண்ணும் கேவலமான வேலை இல்ல. நிழல்ல உக்காந்து, ஃபேனுக்கு அடியில...

யெல்னி: மாமா.

டத்துக்: சரி, சரி. என்ன விலை நினைச்சிருக்க?

யெல்னி: சந்தையில வாயால சொல்லலாமா?

டத்துக்: சொல்லக் கூடாது. தெரியும். உன்னைச் சோதிச்சேன்.

யெல்னி: மாமா... பயமா இருக்கு. அந்தக் கதையை ஒரு தடவை சொல்லுங்களேன்.

டத்துக்: எந்தக் கதை?

யெல்னி: சின்னப் பிள்ளையில தினமும் சொல்வீங்களே. ஒரே காலையில ஏழு மாடு வித்தது. உங்க சுண்டு விரல் அசைஞ்சதும் பாயாகும்பு ஊரு வியாபாரி வேர்த்துப் போய்த் தரையில உக்காந்தது.

டத்துக்: இப்ப எதுக்கு அதெல்லாம்... அந்தா, யாரோ வர்றான் பாரு.

யெல்னி: அஜோ மனான்! எல்லாரும் அண்ணன்னு, அஜோன்னு கூப்பிடற பெரிய வியாபாரி. மாமா, நேரா நில்லுங்க.

டத்துக்: நான் எப்பவும் நேராத்தான் நிக்கிறேன்.

மனான்: அஸ்ஸலாமு அலைக்கும் டத்துக்! இந்தச் சந்தையில உங்களைப் பார்த்ததே இல்லையே!

டத்துக்: வ அலைக்கும் ஸலாம். நான்... வேற சந்தைக்குப் போறவன், அஜோ.

மனான்: கறுப்பன் நல்லாத்தான் இருக்கான். பல்லு?

யெல்னி: நாலு பல்லு, வயசு சரியா இருக்கு. காதைப் பாருங்க, கொம்பைப் பாருங்க, காலைப் பாருங்க. பெருநாள் குர்பானிக்கு ஒரு குறை சொல்ல முடியாது.

மனான்: பாப்பா வளர்த்ததா? நல்லது. நான் மாமாகிட்டயே பேசிக்கிறேன். கையைக் குடுங்க டத்துக்... அட, அட! குலுக்கறீங்களே!

டத்துக்: மரியாதைக்குக் குலுக்கினேன்.

மனான்: குலுக்கினா பேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்! நான் இன்னும் விலையே வைக்கல. வச்சிருந்தேன்னா காளை என்னோடது.

யெல்னி: மாமா உங்களைச் சோதிக்கிறாரு அஜோ. அவசரக்காரரா, நிதானமானவரான்னு.

டத்துக்: ஆமா. சோதிச்சேன்.

மனான்: ஓகோ... சரி, இப்ப வைக்கிறேன். இது?

டத்துக்: ம்.

மனான்: இடது கை எங்க போச்சு டத்துக்?

டத்துக்: முதுகுப் பிடிப்பு. தாங்கிட்டு நிக்கிறேன்.

மனான்: அடேயப்பா! இவ்வளவா? பெருநாளுக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு டத்துக்.

டத்துக்: கிடக்கட்டும்.

மனான்: இந்தாங்க, ஏத்திட்டேன்.

டத்துக்: ம்... இல்ல.

மனான்: ஏன் இப்படிக் கை வேர்க்குது?

டத்துக்: வெயில்.

மனான்: மலை பூரா மேகமா நிக்குதே.

டத்துக்: என் மேல அடிக்குது.

மனான்: சரியான கெட்டி நீங்க. அந்தப் பக்கம் செவலைக் காளை ரெண்டு நிக்குது, அதைப் பார்க்கிறேன். இறங்கினா கூப்பிடுங்க.

டத்துக்: அஜோ, ஒரு நிமிஷம்...

யெல்னி: மாமா! கூப்பிடாதீங்க.

டத்துக்: போறான் பிள்ளே! போறான்! ஒரு விரல்... ஒரே ஒரு விரல் குறைச்சா என்ன குடி முழுகிடும்?

யெல்னி: இன்னிக்குக் குறைச்சா அடுத்த காளைக்கும் குறைப்பேன். இவன் என்ன பெறுவான்னு எனக்குத் தெரியும்.

டத்துக்: அடுத்த காளையா! திங்கக்கிழமை பாடாங்குக்கு பஸ் ஏறப் போறவ பேசற பேச்சா இது?

யெல்னி: போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாரு. முதல்ல கும்பாங்கோட தொடையை, அப்புறம் காலை. வருவாரு.

டத்துக்: வாய்தான் பேசுது. கை நடுங்குது.

யெல்னி: நடுங்கட்டுமே. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க நடுங்காம இருங்க.

டத்துக்: நம்ம வீட்டுப் பேரு நட்ட நடுச் சந்தையில நிக்குது பிள்ளே. எனக்கு முன்னால பட்டம் கட்டினவங்க யாரும் இப்படி...

யெல்னி: நிக்கத்தானே செய்யுது மாமா? ஓடலையே?

டத்துக்: கிண்டலா? வீட்டுக்கு வா, உன்னை...

யெல்னி: ஸ்ஸ்... திரும்பிட்டாரு. அந்தப் பக்கம் பார்க்காதீங்க. கும்பாங்கைத் தட்டிக் குடுங்க. கையைப் பின்னால விடுங்க.

மனான்: குடுங்க டத்துக், கையை.

டத்துக்: செவலை என்ன ஆச்சு?

மனான்: பின்னங்கால் சரியில்ல. ...இது?

டத்துக்: ம்... இல்ல.

மனான்: இப்பவும் அதேதானா? ஒரு கயித்து விலைகூட விட மாட்டீங்களா?

யெல்னி: கயிறு சும்மா தர்றோம் அஜோ.

மனான்: ஹா! பெரிய தாராளம்! ...சரி. சரி, உங்க விலையே. குலுக்குங்க. இப்பதான் குலுக்கணும் டத்துக்!

டத்துக்: அல்ஹம்துலில்லாஹ்.

மனான்: முப்பது வருஷமா துணிக்குள்ள கை பிடிக்கிறேன். கை வெடவெடங்குது, விரல் மட்டும் இரும்பா நிக்குது. இப்படி ஒரு கையை நான் பிடிச்சதே இல்ல. பாப்பா, தொழுவத்துல வேற இருக்கா?

யெல்னி: இன்னொண்ணு இருக்கு அஜோ. பெருநாளுக்கு முந்தின வாரம் கொண்டு வர்றேன்.

மனான்: எனக்கே கொண்டு வா. மாமாவையும் கூட்டிட்டு வா. அந்த முதுகுப் பிடிப்போடயே.

யெல்னி: கும்பாங், போயிட்டு வாடா... மாமா, கையை எடுங்க. இன்னும் பின்னாலயே வச்சிருக்கீங்க. வாங்க, டீக்கடையில உக்காருவோம். முட்டை டீ சொல்லவா?

டத்துக்: சொல்லு. ரெண்டு முட்டை போடச் சொல்லு.

யெல்னி: அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க மாமா. பாடாங் இல்ல, தொழுவம்தான்னு. நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது.

டத்துக்: சொல்றேன். அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

யெல்னி: என்ன மாமா? முகம் ஏன் இப்படிப் போச்சு?

டத்துக்: அவன் என்ன வச்சான், நீ என்ன கேட்ட, எவ்வளவுக்கு முடிஞ்சது... எனக்கு ஒண்ணும் தெரியாது.

யெல்னி: துணிக்குள்ள நடந்ததுதானே மாமா...

டத்துக்: இரு, சொல்லி முடிச்சுடறேன். விரல் கணக்கே எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயசுல பட்டம் கட்டி உக்கார வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டப் போய்க் கத்துக் குடுன்னு கேப்பேன்? டத்துக்குக்கு மாடு விக்கத் தெரியலன்னு ஊர் சிரிச்சா வீட்டுக்கு இழுக்கு. நான் ஒரு ஆட்டைக்கூட வித்ததில்ல. அந்த ஏழு மாடு, அந்தப் பாயாகும்பு வியாபாரி... நீ தூங்கணுமேன்னு சொன்னது. அதை நம்பி நீ ஸ்கூட்டரை வித்து நின்னப்போ, எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கல.

யெல்னி: டீ வந்துடுச்சு. குடிங்க, ஆறிடும்.

டத்துக்: கோவமா பிள்ளே?

யெல்னி: உங்களுக்கு விரல் கணக்கு தெரியாதுன்னுதானே மாமா ரெண்டு கையையும் கேட்டேன்? பன்னண்டு வயசுலயே அம்மா சொல்லிட்டாங்க, மாமா சொன்னது பூரா புளுகுன்னு. ஆனா அதுக்குள்ள நான் நம்பி, மாடுதான் என் தொழில்னு முடிவு பண்ணி முடிச்சிருந்தேன்.