கம்பாலா தந்த மூன்று நாவல்கள்

– ஊறுகா பாட்டல இந்தத் துண்டுக்குள்ள சுத்தி வெக்கறேனுங்க. அங்க போயி எறங்குனதும் மொதல்ல இத வெளிய எடுத்து வெச்சுருங்க. எண்ணெ கசிஞ்சா சட்டையெல்லாம் வீணாப் போயிரும்.

– அங்காளு, பெட்டிய உடு. செத்த நேரம் இப்படி உக்காரு.

– சக்கர மாத்தர மூணு மாசத்துக்கு இருக்குது. வெள்ள டப்பா காலைல, பச்ச டப்பா சாயங்காலம். மாத்திப் போட்டுறாதீங்க.

– பத்து நாளா நானும் பாக்கறேன். மாத்தர, ஊறுகா, துணிமணி, இதத் தவிர உன் வாயில ஒரு பேச்சில்ல. விடிஞ்சா நான் கெளம்பறேன். நீ என்ன நெனக்கறேன்னு எனக்குத் தெரியோணுமில்ல?

– டிக்கெட்டு வந்துருச்சு. அன்பரசு தம்பி ரூமும் பாத்து வெச்சுருச்சு. இனி நான் நெனச்சு என்னாகப் போவுதுங்க?

– அன்பரசு என்ன கஷ்டமான வேலைக்கா கூப்புடறான்? அவனுக்கு அங்க நாலு ரிக்கு வண்டி ஓடுது. போர் போடற எடத்துக்குக்கூட நான் போவ வேண்டியதில்ல. யார்டுல உக்காந்து பைப்பு வர்றதையும் போறதையும் பாத்துக்கிட்டாப் போதும்ங்கறான். மிச்ச நேரமெல்லாம் எழுதுங்கண்ணான்னு அவனே சொல்றான்.

– இந்தத் திருச்செங்கோட்டுல அறுபத்தி மூணு வயசுல ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போறவிய நீங்க ஒருத்தருதானுங்க. வயசுப் பசங்களே போதுஞ்சாமின்னு திரும்பி வர்றாங்க.

– வேலைக்கா போறேன்? எழுதப் போறேன். அங்கிருந்து ஊடு வந்து சேந்து ஆறு வருசமாச்சு. ஒரு பக்கம் எழுதல. உனக்குத் தெரியாதா?

– பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். பேனாவத் தொறப்பீங்க, மூடுவீங்க. நான் வெச்ச காப்பி ஆறி ஏடு கட்டிக் கெடக்கும்.

– நான் என்ன எழுத்தாளனாவா பொறந்தேன்? முப்பத்தெட்டு வயசு வரைக்கும், எத்தன அடியில பாறை, எத்தன அடியில தண்ணின்னு போர் நோட்டுல எழுதுனதுதான் என் எழுத்து. கம்பாலாவுல எறங்குன ரெண்டாவது மாசம் ஒரு மழ புடிச்சுது. நீ பாக்கோணும் அத. ஏழு மேட்டு மேல ஊரு. இந்த மேட்டுல வெயிலடிக்கும், எதுத்த மேட்டுல கொட்டும். குப்ப மேட்டுல ஆளு ஒசரத்துக்கு மொட்டத்தல நாரைங்க நனஞ்சுக்கிட்டே நிக்கும், ஒரு அடி நகராது. என் ரூமு தகரக் கூர, காதுல வேற ஒண்ணும் உழுவாது. அன்னைக்கு அந்தப் போர் நோட்டத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல இருந்து எழுத ஆரம்பிச்சவந்தான்.

– மூணு நாவலு.

– மூணும் அந்த ஊரு குடுத்தது அங்காளு. சாயங்காலம் வேல முடிஞ்சு டாக்சி ஸ்டாண்டுல போயி நிப்பேன். நூறு வண்டி, ஆயிரம் சனம், சப்பாத்திக்குள்ள முட்டய வெச்சுச் சுத்தித் தர்ற வாசன. இடிச்சுட்டுப் போறவன்கூடச் சிரிச்சுக்கிட்டே போவான். அங்க நான் இன்னாரு மவனில்ல, இன்னாரு மாமனில்ல. என்னைய ஒருத்தனுக்கும் தெரியாது. வெறும் கண்ணும் காதுமா நிப்பேன். ரெண்டு தடவ மலேரியாவுல உசுரு போவப் பாத்துச்சு. அப்பக்கூட அந்த ஊரு மேல எனக்குக் கோவம் வரல. சாவறதுக்குள்ள இன்னொரு புத்தகம் எழுதிப்போடோணும். அது அங்கதான் முடியும். எனக்கு அந்த ஊரு மேல அவ்வளவு ஆச. சொல்றதுக்கு என்ன வெக்கம்?

– பொண்டாட்டியப் பத்தி நீங்க ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்லீங்க.

– அட நீ ஒண்ணு. ஊரையும் ஆளையும் ஒண்ணாக்கற.

– நெம்ப நாளா நான் ஒண்ணாத்தானுங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன். அங்க உங்களுக்கு ஒருத்தி இருக்கறான்னு.

– என்ன பேச்சுப் பேசற நீ?

– வருசத்துல பதினோரு மாசம் அங்க. வைகாசித் தேருக்கு ஒரு மாசம் இங்க. வந்தாலும் அந்த ஊரு பேச்சு, அந்த ஊரு நெனப்பு. ஒரு பொம்பள வேற என்னத்த நெனப்பா? அதனாலதான் உங்க பொஸ்தகம் ஒண்ணையும் நான் தொடல. கோயமுத்தூர்ல பரிசு குடுத்தப்பக்கூட மொத வரிசையில உக்காந்துருந்தேன். மேடையில என்னென்னமோ சொன்னாங்க. நான் காதுல வாங்கல.

– இத்தன வருசம் இத மனசுல வெச்சுக்கிட்டா என்கூடக் குடும்பம் நடத்துன? சத்தியமாச் சொல்றேன், எனக்கு அங்க ஒருத்தியும் இல்ல.

– தெரியுமுங்க. மாசியில கால ஒடச்சுக்கிட்டு நாப்பது நாள் கட்டுல்ல கெடந்தேன் பாருங்க, அப்பப் படிச்சேன். எட்டாவது படிச்சவளுக்கு எழுத்துக் கூட்டவா தெரியாது? அவளத் தேடித்தானுங்க மூணையும் படிச்சேன்.

– எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே! எப்படி இருந்துச்சு?

– நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க.

– நெசமாவா?

– மொதப் பொஸ்தகத்துல வாடக ஊட்டுக்காரி ஒருத்தி வர்றாளே. கோழிக்கெல்லாம் மாமியா பேரு, நாத்தனா பேரு வெச்சுத் திட்டறவ.

– அவ எல்லாருக்கும் புடிச்ச ஆளு. படிச்சவங்க அத்தன பேரும் அவளப் பத்தித்தான் எனக்கு எழுதுனாங்க.

– அது நம்ம எதுத்தூட்டுக் காத்தான் பொண்டாட்டிங்க. நாந்தான் உங்களுக்குப் போன்ல சொன்னேன்.

– சொல்லியிருப்ப. நாலு ஆளச் சேத்துத்தான் ஒரு ஆளப் பண்றது. கதைன்னா அப்படித்தான்.

– மூணாவதுல, ஓடிப்போன பொண்டாட்டி வந்துருவான்னு தெனமும் ஆறு மணி பஸ்ஸுக்கு நிக்கற மனுசன்? சங்ககிரி பஸ்ஸுக்கு நின்ன வளவன் வாத்தியாரு. ஏரிக்கரையில மீன் விக்கறவ பேசற பேச்சு? அல்லாம் எங்கக்கா பேச்சு. மழ அந்த ஊரு மழதானுங்க, நாரையும் அந்த ஊரு நாரைதான். மனுசங்க பூராவும் நான் சொன்னவிய.

– அங்காளு…

– ஞாயித்துக்கெழம மத்தியானம் யார்டு போன்ல இருந்து கூப்புடுவீங்க. என்ன நடந்துச்சு, ஒண்ணு உடாமச் சொல்லும்பீங்க. வாரம் பூராவும் கண்டது கேட்டது எல்லாத்தையும் நானும் சேத்து வெச்சுக்கிட்டுக் காத்திருப்பேன். இந்த மனுசனுக்கு நம்ம மேல எத்தன ஆசன்னு நெனச்சுக்குவேன். தேடித் தேடிப் படிச்சதுல, உங்க கம்பாலாவுல கெடச்ச பொம்பள நாந்தானுங்க.

– ஆசதான். ஆச இல்லாமயா வாராவாரம் கூப்புட்டேன்? உங்குரலு கேக்காட்டி அந்த வாரமே எனக்கு ஓடாது.

– எழுத ஓடாது.

– அப்படிச் சொல்லாத.

– ரெண்டாவது பொஸ்தகத்துக்கு வாரேன். பரிசு வாங்குனது.

– வேண்டாம் அங்காளு.

– நகாட்டோன்னு ஒருத்தி. அவ கொழந்த செத்துப் போவுது. செத்த பொறவும் வாராவாரம் அந்த மஞ்சச் சட்டைய மத்தத் துணியோட சேத்துத் தொவச்சுக் காயப் போடறா. பொத்தான் போன எடத்துல ஒரு ஊக்கு குத்தியிருக்குது. துருப் புடிக்கக் கூடாதுன்னு தொவைக்கறப்ப அத எடுத்துக் கழுத்துப் பாசியில மாட்டிக்கறா. சட்ட காஞ்ச பொறவு மறுக்காக் குத்தறா.

– போதும்.

– அது நம்ம சின்னவ தீபிகா சட்டைங்க. எங்கம்மாவுக்குத் தெரியாது. பெரியவ ரஞ்சிதாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாரு கண்ணுலயும் படாம ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காளியில காயப் போடுவேன். இந்த ஒலகத்துல உங்க ஒருத்தருகிட்டத்தான் சொன்னேன்.

– பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரங்கிட்ட இருந்துச்சு. புள்ள மூளக் காய்ச்சல்ல போன சேதி எனக்கு வந்ததே அடக்கம் பண்ணி மறுநாளு. எப்படி வருவேன்?

– அதுக்கு என்னைக்காவது நான் உங்களக் குத்தம் சொன்னனா? சட்டையப் பத்தி நான் சொன்னப்ப நீங்க பேசவே இல்ல. போன்ல மூச்சுச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பாவம், யாருமில்லாத ஊர்ல தனியா நின்னு அழுவறாருன்னு, நான் உங்களுக்குத் தேறுதல் சொன்னேனுங்க. ஒண்ணர வயசுப் புள்ளய மடியில வெச்சுப் பறிகுடுத்தவ நானு. நான் உங்களுக்குச் சொன்னேன், அழுவாதீங்கன்னு.

– அழுதேன். சாமி சத்தியமா அழுதேன்.

– எழுதலீங்களா?

– எழுதவும் எழுதுனேன். போர் நோட்டு கைக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு. அழுதுக்கிட்டே எழுதுனேன். புள்ள மொகத்தக் கடசியா ஒருக்காப் பாக்கக் குடுத்து வெக்காதவன் வேற என்ன பண்ணுவான்? நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டனா? அதயாவது சொல்லு.

– அந்தப் பெரிய வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பக்கத்தப் படிச்சப்ப, யாரோ நம்ம பொடக்காளிக்குள்ள நொழஞ்சு கொடியில இருந்த சட்டைய எடுத்துட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. கத்தோணும்னு இருந்துச்சு. நீங்க மேசைல உக்காந்துருந்தீங்க. கத்தல.

– செரி. நான் போவல. பெட்டியப் பிரி. அன்பரசுகிட்ட நான் சொல்லிக்கறேன். இங்கயே இருக்கறேன், இங்கயே சொல்லு, கேக்கறேன்.

– ஆறு வருசமா இங்கதானுங்க இருக்கறீங்க? நான் அடுப்படியில, நீங்க மேசைல. நடுவுல எட்டடி எடம். என்ன நடந்துச்சுன்னு ஒரு நாளு கேட்டீங்களா? வந்த புதுசுல நானாவே வந்து சொன்னேன். எழுதிக்கிட்டு இருக்கறேன், அப்பறமா வான்னீங்க. பொறவு நான் வரல. அதுக்கப்பறம் இந்த ஊட்டுல பேச்சுன்னு என்ன இருந்துச்சு? சாப்புடறீங்களா, சாப்புட்டேன். மாத்தர போட்டீங்களா, போட்டேன்.

– நீ சொல்றது நெசந்தான். எதுத்தாப்புல நீ இருந்தா எனக்குக் கேக்கவே தோண மாட்டேங்குது. தூரத்துல இருந்தாத்தான் உம் பேச்சு எனக்குள்ள எறங்குது. எனக்கே இப்பத்தான் வெளங்குது.

– எனக்கு மாசியிலயே வெளங்கிருச்சுங்க.

– அப்ப இதக் கேளு அங்காளு. கோவப்படாமக் கேளு. நான் போறேன். போயி, முந்தி மாதிரியே ஞாயித்துக்கெழம கூப்புடறேன். இப்பத்தான் வீடியோவுலயே பேசலாமே. நீ ஒண்ணு உடாமச் சொல்லு. இந்தத் தடவ ஒளிக்க மாட்டேன். அங்காளம்மாள் சொன்னதுன்னு மொதப் பக்கத்துலயே உம் பேரப் போடறேன். ஆறே மாசத்துல புத்தகம் முடிஞ்சுரும். என்ன சொல்ற?

– போயிட்டு வாங்க. அந்த ஊரு உங்களுக்கு என்ன சொல்லுதோ அதக் கேட்டு எழுதுங்க. ஞாயித்துக்கெழம நான் போன எடுக்க மாட்டேனுங்க.