பாப்கார்ன் அடி வாங்கிய பெருமகனார்

பாப்கார்ன் வீசி நம்மால் வரவேற்கப்பட்ட பெருமைக்குரிய விழாத் தலைவர் டெல்பர்ட் ஹூபர் அவர்களே! நம் நாடக அரங்கின் புத்தம்புதுக் கூரையின்கீழ்ப் பூரித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கையில் பின்னலும் வாயில் விமர்சனமுமாக முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! வணக்கம்.

மலைமடியில் மலர்ந்த இந்தக் காப்பர் பெல் ஊரில் கலைஞன் அல்லாதவன் எவன்? காட்டுங்கள் பார்க்கலாம்! பல் வைத்தியர் சுவரெல்லாம் தன் ஓவியங்களை மாட்டியிருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு ரசிக்கிறோம், வேறு வழி? கசாப்புக்கடைக்காரர் பிடில் வாசிக்கிறார். மரமறுக்கும் ரம்பம் பழுதுபார்க்கும் இந்த வெண்டல், பத்தொன்பது ஆண்டுகளாக இம்மேடையின் வில்லன். நான் நுழைந்தால் ஊளையிடுவீர்கள், பாப்கார்ன் வீசுவீர்கள். அது ஊர் வழக்கம். அதுவே என் வாழ்வு!

சென்ற பனிக்காலம். சனிக்கிழமை மதியக் காட்சி. கூரைமேல் ஆளுயரப் பனி. கதாநாயகி லோரெட்டாவை, நம் தபால்காரம்மாவைத்தான், நான் கடத்த வேண்டிய கட்டம். எனக்கு முன்பே கறுப்புக் கோட்டும் முறுக்கு மீசையுமாக மேடையேறினார் ஒருவர். மாவட்டக் கட்டட ஆய்வாளர் டெல்பர்ட்!

"எல்லாரும் வெளிய போங்க! கூரை உத்தரம் விரிசல் விட்டிருக்கு!"

புது வில்லன் வந்துவிட்டான் என்று எழுந்ததே ஓர் ஊளை!

"ஐயோ, நிஜமாத்தாங்க சொல்றேன்!"

"நிஜமாத்தான் சொல்றாராம்! போடு இன்னொரு பொட்டலம்!" என்றார் ஓர் அம்மா. பெயர் சொல்ல மாட்டேன். ஏன் குனிகிறீர்கள், பெர்னிஸ் அம்மா?

திரைக்குப் பின்னே நான் என்ன செய்தேன்? ஓடிவந்து உதவினேனா? இல்லை! பொறாமையில் வெந்தேன். எனக்கு ஒருநாளும் அப்படியோர் ஊளை கிடைத்ததில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

லோரெட்டாவின் முகத்தில் மரத்தூள் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார். சட்டம் பேசினாரா? விளக்கம் சொன்னாரா? ஆய்வாளரின் கையைப் பற்றி அவரைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டே அலறினார்:

"ஐயோ, என்னைக் கடத்திட்டுப் போறானே! காப்பாத்த ஆளே இல்லையா?"

இந்த ஊர் சும்மா இருக்குமா? நாயகியை மீட்க நூற்று நாற்பது பேரும் பாய்ந்தோம். கடைசியாகப் படியிறங்கியவன் நான். என் முதுகுக்குப் பின்னே கூரை விழுந்தது.

நாடகம் எதற்கு என்று கேட்கிறவர்களே! நம்மைக் காத்தது எது? ஓர் அதிகாரியின் உண்மையும் ஒரு நடிகையின் பொய்யும் கைகோத்தல்லவா காத்தன!

கைதட்டாதீர்கள், உறவுகளே! கைதட்டல் எவருக்கும் கிடைக்கும். யாரையும் தொடவிடாத என் கறுப்புத் தொப்பியை இதோ டெல்பர்ட் தலையில் வைக்கிறேன். இன்றைய நாடகத்தில் வில்லன் அவர்தான்! நம் உயிர் காத்தவருக்கு மலையே அதிர ஊளையிடுங்கள்! கூரை தாங்குமா என்று பயம் வேண்டாம். சான்றிதழ் கொடுத்தவரே அவர்தான்!

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. என்மேல் தவறி விழப்போகும் பொட்டலங்களுக்கும் சேர்த்தே நன்றி. வணக்கம்!